கம்பளத்துக்கு அடியில் போடுவது

குழாயைத் திறந்து வைத்தது துரை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் இன்றுவரை யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தஞ்சோங் கிளிங்கில் கடலோர ரோட்டைப் பார்த்த வீடு அது. தரை துடைக்க, துணி துவைக்க, பூட்ஸுக்கு பாலிஷ் போட என்று நான் அங்கே வேலைக்கு இருந்தேன். அன்று காலை பைப்பில் தண்ணீர் வரவில்லையாம். துரை குளிக்கப் போய்க் குழாயைத் திருகியிருக்கிறார். காற்றுதான் வந்திருக்கிறது. வைதுகொண்டே அப்படியே விட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். துரைசானியும் டவுனுக்குப் போய்விட்டார். சமையல் செய்யும் அக்கா அன்று லீவு. ஆளில்லாத வீட்டில் தண்ணீர் திரும்ப வந்து, குளியலறை நிறைந்து, கூடத்துக்குள் ஓடியிருக்கிறது.

நான் அப்பாவைத் தகனம் செய்துவிட்டு, ரப்பர் தோட்டத்திலிருந்து வேலைக்குத் திரும்பி வந்ததும் அன்றுதான். ஒரு கையில் துணிப் பை. வாசற்படி ஏறுகிறேன், கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து என் காலை நனைக்கிறது. பையைக் கீழே வைக்கக்கூட இடமில்லை. மரத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனேன்.

அப்பா செத்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் இந்த அவசர காலத்தில், கூலி வீட்டு வரிசையான எங்கள் லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் காலையில் வேலைக்குப் போகும்போதுதான் திறப்பார்கள். பூட்டிய பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அம்மா போய்க் கேட்டைத் தட்டியிருக்கிறார். மேலே கேட்க வேண்டும் என்றார்களாம். கேட்டார்கள். உத்தரவும் வந்தது. லாரியும் வந்தது. அப்பாதான் இல்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

கூடத்துக் கம்பளத்தை நானும், துரையை ஆபீசில் விட்டுத் திரும்பிய டிரைவரும் தூக்கி வராந்தாச் சுவரில் போட்டோம். அதன் அடியில் பழுப்பு நிறத்தில் சாக்குப் போல ஒன்று, சுவருக்குச் சுவர் ஆணி அடித்துக் கிடந்தது. நான் அதைத் தரை என்று நினைத்தேன். எங்கள் லயத்தில் தரை மண்ணும் சிமெண்டும். வெள்ளைக்காரன் வீட்டில் தரைக்கே சாக்கு ஒட்டியிருப்பார்கள் போல என்று நினைத்து, துணி போட்டுத் துடைத்தேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தது. கம்பளம் காய்ந்ததும் அதன் மேலேயே விரித்துவிட்டேன். துரைசானி பார்த்து, நல்ல பையன் என்று தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து நாற்றம் கிளம்பியது.

சமையல் அக்கா பாச்சாங்கிலிருந்து பஸ்ஸில் வருபவர். கூடத்துக்குள் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"டேய் தம்பி, என்னடா இது, நாய் செத்த நாத்தம்லா!"

"துடைச்சிட்டேங்க்கா. தரை காஞ்சிருச்சு."

"எங்க காஞ்சிருச்சு? நீ நின்னு பாரு."

நின்றேன். கம்பளத்துக்கு அடியில் களக் களக் என்றது. அக்கா மூலையைத் தூக்கி, அந்தச் சாக்கை விரலால் அமுக்கினார். தண்ணீர் ஊறி வந்தது.

"மடப்பயலே, இது தரையில்லடா. கம்பளத்துக்கு மெத்தை. மாட்டு மயிர அடிச்சு அடிச்சுச் செய்வாங்களாம். முந்தின துரைசானி சொல்லியிருக்கா."

"மனுசன் படுக்கவே எங்க வீட்டுல மெத்தையில்ல. கம்பளத்துக்கு எதுக்குக்கா?"

"அதை நீ போயி அந்தம்மாகிட்ட கேளு. எனக்கு உலை கொதிக்குது."

ஆணிகளைப் பிடுங்கினேன். தண்ணீர் குடித்த மயிரின் கனம் தூக்கியவனுக்குத்தான் தெரியும். பட்டை பட்டையாக இழுத்து வந்து வராந்தாக் கம்பியில் போட்டேன். கடற்காற்று வீசுகிறதே, காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் காற்றில் உப்பும் ஈரமும்தான் இருந்தது. காலையில் தொட்டால் நேற்றைவிட நசநசப்பு. வெயிலில் புல்தரையில் விரித்தால், சரியாகச் சூடேறும் நேரத்தில் மழை. உள்ளே இழுப்பேன். மழை விடும். வெளியே இழுப்பேன். பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று, "என்ன தம்பி, பாம்பு புடிக்கிறியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏறி மிதித்துப் பார்த்தேன். முறுக்கினால் பிய்ந்து வந்தது. ஒரு நாள் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைத்துத் தேய்த்தேன். ஆவி வந்தது. பரவாயில்லையே என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மயிர் கருகிய வாடை. அந்த வாடையை நான் அந்த வாரம்தான் முதல் தடவையாக மோந்திருந்தேன், தோட்டத்துச் சுடுகாட்டில், நானே வைத்த நெருப்பில். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மற்றப் பட்டைகள் ஒருவழியாகக் காய்ந்தன. குளியலறைப் பக்கம் கிடந்த இரண்டு அகலப் பட்டைகள்தான் காயவே இல்லை. அதற்குள் அப்பாவின் பதினாறாம் நாள் நெருங்கிவிட்டது. நான் தலைமகன். கருமாதிக்கு நான்தான் மொட்டை போட்டுப் பிண்டம் வைக்க வேண்டும். முதல் நாளே பஸ் ஏறி, கேட் பூட்டுவதற்குள் தோட்டத்துக்குள் போய்விட வேண்டும். லீவு தருகிறேன் என்று துரைசானி முன்பே சொல்லியிருந்தார். இப்போது போய் நின்றால், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்.

"கெரிங் டூலு, பாரு பாலிக்."

முதலில் காயட்டும், பிறகு வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அவருடைய சிநேகிதிகள் சீட்டு விளையாட வருகிறார்களாம்.

குழாயைத் திறந்து வைத்தவர் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

அன்று மதியம் வரை அந்த இரண்டு பட்டைகளையும் வெறுத்துக்கொண்டே புரட்டினேன். அப்போதுதான் சித்தப்பா நினைவுக்கு வந்தார். அப்பாவின் தம்பி, தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைக் காயப்போடும் புகைவீட்டில் விறகு தள்ளுகிறவர். எந்த மழையிலும் அதற்குள் போட்டது காயாமல் வந்ததில்லை. துரைசானியிடம் போய், இதைத் தோட்டத்துக்கு எடுத்துப் போகிறேன், புகைவீட்டில் காய வைத்துக் கொண்டுவருகிறேன் என்றேன். யோசித்தார். காயாமல் வந்தால் நீயும் வராதே என்று சொல்லி அனுப்பினார். அப்பாவுக்குக் கருமாதி செய்யப் போகிற மகன், தோளில் துரை வீட்டு ஈர மெத்தையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

டவுனில் மாறிய பஸ்ஸில் கண்டக்டர் அதை உள்ளே ஏற்றவில்லை. மேலே கட்டினேன். மேலேயிருந்து சன்னல் வழியாகச் சொட்டியது. ஒரு சீனக் கிழவி குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரெம்பியாவுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டை மறித்துச் சோதனை. எல்லாரும் இறங்கினோம். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி, மருந்து, துணி எதுவும் போய்விடக் கூடாது என்று பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். என் மெத்தைக் கட்டையும் இறக்கினார்கள். வயசான மலாய்க்காரக் கான்ஸ்டபிள் ஒருவர் துப்பாக்கி முனையால் அதைக் குத்திக் காட்டி என்னைக் கேட்டார்.

"அப்பா இனி?"

மலாயில் இது என்ன என்று கேட்டார், அவ்வளவுதான். பிறந்தது முதல் பசாரிலும் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்த பேச்சு. நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்று மட்டும் என் காதில் அது தமிழாக விழுந்தது. அப்பா, இனி. அப்பா இனி என்ன? அப்பா இனி எங்கே? மீதியை அவர் சொல்வார் என்று காத்திருப்பவனைப் போல அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா இனி?" மறுபடியும் கேட்டார், சத்தமாக.

பதில் சொல்லாதவன் மேல் சந்தேகம் வரத்தானே செய்யும். பக்கத்தில் நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் ஓடி வந்தான். என்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவன்.

"டேய், அவரு கேக்கிறாருல்ல? என்னடா இது?"

"மயிரு," என்றேன்.

அறை விழுந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது.

"என்னாடா சொன்ன? போலீஸ்காரனப் பாத்து என்னாடா சொன்ன?"

"இல்லண்ணே, நெசமாவே மயிருதாண்ணே..."

இன்னொரு அறை. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் ஹார்ன் அடிக்கச் சொல்லி, இவன் வருவானா மாட்டானா என்று கேட்டான். மாட்டான் என்றார்கள். பஸ் போய்விட்டது. காட்டில் படுக்கிறவனுக்கு மெத்தை கொண்டுபோகிறாயா, யார் கொடுத்தது, எங்கே போடச் சொன்னார்கள் என்று தமிழ்க் கான்ஸ்டபிள் கேட்டுக்கொண்டே இருந்தான். துரை வீடு என்றேன். துரை வீட்டு மெத்தை ரெம்பியாக் காட்டுக்கு ஏன்டா வருது என்றான். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரித்தான் இருந்தது.

கடைசியில் அந்த மலாய்க்காரர்தான் ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். "புலு லெம்பு லா!" என்று சிரித்தார். மாட்டு மயிர்.

தமிழ்க் கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தான். "மாட்டு மயிருன்னு முழுசா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா."

"இப்ப நான் போகலாமாண்ணே?"

"எங்க போவ? மணியப் பாரு. இப்ப ரோட்டுல நடந்தா எவனாச்சும் சுட்டுருவான். இங்கயே கெட."

இரவு முழுவதும் அவர்களுடைய கொட்டகையில் அந்த மெத்தை மேலேயே கிடந்தேன். விடிந்ததும் விட்டார்கள். தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன், ஓடினேன், மறுபடி நடந்தேன். தோட்டத்துக் கேட் திறந்து கிடந்தது. காவல்காரன் வெற்றிலை மென்றுகொண்டே, போ போ என்று கையைக் காட்டினான். என்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இவ்வளவு சுலபமாகத் திறந்து கிடக்கிற கேட். அதன் கம்பத்தை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது.

ஆற்றோரம் எல்லாரும் கூடியிருந்தார்கள். நாவிதர் குந்தியிருந்தார். அவர் முன்னால் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பாதித் தலை மொட்டை, பாதித் தலை முடி.

என்னைக் கண்டதும் அவர் கத்தினார். "எங்கடா போயித் தொலைஞ்ச? நேரம் போவுது, நீ வரமாட்டேன்னு ஐயரு சொல்லிட்டாரு, நான் உக்காந்துட்டேன். இப்ப என் பாதித் தலைய என்னடா செய்யறது?"

"ரோட்டுல புடிச்சு வச்சிட்டாங்க சித்தப்பா."

"அது என்னடா தலையில கருமம்?"

இந்தத் தடவை யோசித்துப் பதில் சொன்னேன். "கம்பளத்துக்கு அடியில போடுறது சித்தப்பா. மாட்டு முடி. காயல. உங்க புகைவீட்டுல..."

சித்தப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். நாவிதரைப் பார்த்தார். "நாம இங்க மயிர எடுக்கிறோம். அவனுங்க அதத் தரையில விரிக்கிறானுங்களாய்யா?"

முதலில் சிரித்தது அம்மாதான். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரே ஒரு சத்தம், உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. ஐயரைப் பார்த்து, நான் வந்துவிட்டேன், நான்தான் செய்வேன் என்றேன். சின்னப் பிள்ளை அடம் பிடிப்பது போலத்தான் சொன்னேன். ஐயர் தயங்கினார். சித்தப்பா பாதித் தலையோடு எழுந்து, மணையை என் பக்கம் காலால் தள்ளினார்.

"உக்காருடா. உங்கப்பன் உனக்காகத்தான் காத்திருக்கான். என்னைய அப்புறம் முடிச்சிக்கலாம்."

உட்கார்ந்தேன். நாவிதர் தலையில் தண்ணீர் ஊற்றினார். பிண்டம் வைத்தேன். மூழ்கினேன். எல்லாம் நானே செய்தேன். செய்து முடித்தால் மனசு அடங்கும் என்று சொல்வார்கள். எனக்கு அடங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் புகைவீடு அந்த மெத்தையைப் பலகை மாதிரி காய வைத்துக் கொடுத்தது. ரப்பர் புகை வாடை அதில் அப்படியே ஏறியிருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் அதைச் சுமந்துகொண்டு திரும்பினேன். அதே இடத்தில் அதே சோதனை. மலாய்க்காரர் மெத்தையை அடையாளம் கண்டுகொண்டு கையை அசைத்தார். பிறகு என் மொட்டைத் தலையைக் கண்டார். சுட்டிக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

"அப்பா இனி?"

"பாப்பா சாயா மாத்தி," என்றேன். என் அப்பா செத்துப்போய்விட்டார்.

அவர் தொப்பியைத் தூக்கி மறுபடி வைத்துக்கொண்டார். தமிழ்க் கான்ஸ்டபிள் பக்கத்தில்தான் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டே, "அத முந்தாநேத்தே சொல்லியிருந்தா விட்டிருப்போம்லா," என்றான்.

நீ மெத்தையைத்தானே கேட்டாய் என்று வாய் வரை வந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

ஆணி அடித்து, கம்பளத்தை விரித்தேன். துரைசானி அதன் மேல் இரண்டு தடவை நடந்து பார்த்தார். களக் என்ற சத்தம் இல்லை. மூக்கை உறிஞ்சினார், துரை பக்கம் திரும்பி, நீங்கள் இங்கே சுருட்டுப் பிடித்தீர்களா என்று கேட்டார். துரை இல்லை என்றார். அவர் சொன்னதைத் துரைசானி நம்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றுக்காவது அவர் திட்டு வாங்கட்டும்.