மொச்சைக்குக் கட்டிய சிவப்பு நூல்

மொச்சை விதைக்குள் புரதம் எப்போது சேர ஆரம்பிக்கிறது என்பதுதான் எழுபதுகளில் என் ஆராய்ச்சி. பிஞ்சு விதையில் பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான். பாதி வளர்ந்த பிறகுதான், நாளை முளைக்கப்போகும் செடிக்கான சேமிப்புப் புரதம் குவியத் தொடங்கும். எந்தப் புரதம் எந்த வயதில் வருகிறது என்று காட்ட, ஒவ்வொரு விதையின் வயதும் தெரிந்தாக வேண்டும். அதனால் பூ விரிந்த வாரத்தைப் பார்த்துக் காம்பில் நூல் கட்டினேன். முதல் வாரம் வெள்ளை, அடுத்து கறுப்பு, கடைசியில் சிவப்பு. தையல்கடையில் கிடைத்த நிறங்கள், வேறு காரணம் இல்லை.

நிலம் சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துடையது. நூல்கண்டுகளை அந்த வீட்டு அம்மாளிடம் கொடுத்துவைத்துவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பேருந்து பிடிப்பேன். கல்யாணமாகியும் குழந்தை இல்லாதவள் என்பதைத் தவிர அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. அதை முதல் நாளே கேட்டு வாங்கிவிட்டார்.

உதவித்தொகை அந்தக் கோடையோடு சரி. மொச்சையோ பனிக்காலத்தில் மட்டும்தான் பூக்கும். இந்தக் காய்களை விட்டால் எனக்குப் பட்டம் கிடையாது. படித்துக் கிழித்தது போதும் என்று வீட்டில் மாமியார் வேறு காத்திருந்தார்.

காய் பறிக்கப் போன அன்று கொல்லை முழுக்கச் சிவப்பு. ஒரு வெள்ளை இல்லை, ஒரு கறுப்பு இல்லை. காய்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். முற்றலும் பிஞ்சும் கைக்கே தெரிந்தன. எனக்கு வேண்டியது நடுவில் இருப்பவை. அவற்றின் வயதை இனி யாராலும் சொல்ல முடியாது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாள் சொம்பில் மோரோடு வந்தார்.

"இன்னா கண்ணு, இப்படி குந்திக்கினு கீற?"

"நூலையெல்லாம் யாருங்க மாத்தினது?"

"நான்தான். தாலி கட்டிக்கினவ வெள்ள நூலும் கறுப்பு நூலும் கட்டி வேண்டிக்குவாளா? அதான் அத்தெல்லாம் அவுத்துட்டு செவப்பு கட்னேன். இதுல காய் புடிக்கிற மாரி உனுக்கும் வயித்துல தங்கணும்னு சொல்லிக்கினேதான் கட்னேன்."

ஆத்திரத்தில் அருகிலிருந்த காம்பைப் பிடித்து நூலை அவிழ்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக்காத கண்ணு. வேண்டுதலு வீணாப் பூடும்."

எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பட்டம் போய்விட்டது, இனி மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்று தோன்றியது. ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்காமல் எழுந்து பேருந்துக்கு நடந்தேன்.