திரைக்குப் பின்னால் வந்த சிரிப்பு

மலேசியாவில் புலாவ் செபாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் படம் காட்டும் லாரி வந்துவிட்டால், பந்துத் திடலின் கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். துணிக்கு முன்னால் ஆண்கள், துணிக்குப் பின்னால் பெண்கள். பின்னால் இருப்பவர்களுக்குப் படம் இடம்வலம் மாறித் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெரிய படத்துக்கு முன், பேச்சே இல்லாத பழைய வெள்ளைக்காரச் சிரிப்புப் படம் ஒன்று ஓடும். ஓடுவார்கள், வழுக்கி விழுவார்கள், முகத்தில் கேக்கை அப்பிக்கொள்வார்கள். அந்தப் படங்கள் என்றால் எனக்கு இன்றும் உயிர். காரணம், என் சின்ன அத்தை.

அப்பாவின் தங்கையான அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேசும் படத்தில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஒரு நொடி பிந்திச் சிரிப்பாள். ஊமைப் படத்தில் கதையே வேறு. ஏணியைத் தோளில் தூக்கியவன் திரும்பப் போகிறான் என்றால், அவன் திரும்புவதற்குள் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிடும். தன் சிரிப்பைத் தானே கேட்டறியாதவள். தொண்டை கிழியச் சிரிப்பாள்.

அந்தச் சத்தம்தான் அப்பாவுக்கு மானப் பிரச்சினை. காது கேட்காது என்றதும் வரன்களெல்லாம் வந்த வழியே போயிருந்தன. ஜாசினிலிருந்து லாரி ஓட்டும் மாப்பிள்ளை ஒருவரின் குடும்பம் மட்டும், படம் பார்க்கும் சாக்கில் பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. காது விஷயத்தை நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தார். அதுவரை மூச்சுக் காட்டாதே என்று சைகையில் அத்தையை மிரட்டினார். அவளும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏணிக்காரன் வந்தான். முந்தானை தாங்கவில்லை.

படம் முடிவதற்குள் மாப்பிள்ளை எழுந்து, துணியைச் சுற்றிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்துவிட்டார். அப்பா பதறிப்போய் அவர் பின்னாலேயே ஓடினார்.

“முன்னால நாங்க சிரிக்கிறதுக்கு முந்தியே பின்னால ஒரு சிரிப்பு வருதுலா. யாருன்னு பாக்க வந்தேன்,” என்றார் மாப்பிள்ளை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “என் தங்கச்சிதான். அவளுக்குக் காது கேக்காது, தம்பி,” என்றார்.

“படத்துலயுந்தான் யாரும் பேசல, அண்ணே. அதுக்கென்ன?”

அவர்தான் எங்கள் மாமாவானார். இப்போது அவர் இல்லை. அத்தை புக்கிட் பெருவாங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பொரிந்து தள்ளும் பேரப்பிள்ளைகள், கைப்பேசியில் அந்தப் பழைய ஊமைப் படங்களைத் தேடிப் போடுகிறார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் அவள்தான் சிரிக்கிறாள், அக்கம்பக்கமே கேட்கும்படி. அடக்கிக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. மாமா தன் வீட்டில் அப்படியொரு பழக்கத்தை வளரவே விட்டதில்லை.