எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

அம்மா ஊரில் செத்துப்போன செய்தி வந்த பனிக்காலத்தில் நான் கல்லூரியில் கிராபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அண்ணைக்கு இங்கே சென்ட் லோரன்ட் பகுதியில் பாக்டரி வேலை. அகதி வழக்கு முடியாததால் இரண்டு பேராலும் ஊருக்குப் போக முடியவில்லை. போனை வைத்துவிட்டு அண்ணை கத்தி அழுதார். எனக்கு எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து 'அம்மா' என்ற சொல்லும் வாயில் வரவில்லை. கேட்பவர்களிடம், "ஊரில ஒரு செத்தவீடு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"நீ என்ன மரக்கட்டையோ? ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லையே உனக்கு?" என்றார் அண்ணை. பேந்து அவரே, "சரி, படிச்சவன் நீதானே, கல்வெட்டை நீயே செய்" என்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

வகுப்பில் அப்போது ஹிப்பிக் காலத்து எழுத்து நடந்துகொண்டிருந்தது. உருகின மெழுகு மாதிரி வீங்கி, ஒன்றின் இடுப்பில் ஒன்று சாய்ந்து, சட்டத்தில் ஒரு இடைவெளி விடாத எழுத்து. ஒருகாலத்தில் பாட்டுக் கச்சேரிப் போஸ்டர்களுக்குப் போட்டதாம். இப்போது ஷாம்பூ போத்தலிலும் தெருமுனை டெபனர் கடையில் சர்பத் மெஷினிலும் கிடக்கிறது. சட்டென்று வாசிக்க விடாமல் ஆளை நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை என்றார் ஆசிரியை. ஒரு சொல், ஒரு போஸ்டர். அதுதான் பயிற்சி.

கல்வெட்டு அட்டையைக் கல்லூரிக் கணினியில் திறந்தேன். வீட்டில் அதில் 'அம்மா' என்று மட்டும் அடித்துவிட்டு நிறுத்தியிருந்தேன். அந்த நாளில் நாங்கள் பாவித்த தமிழ் எழுத்துரு இங்கிலிஷ் விசைகளின் மேல் ஏறி உட்கார்ந்த ஒன்று. எம்மை அமுக்கினால் அ வரும். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் கழன்றுபோய், அமுக்கின விசைகள் மட்டும் மிஞ்சும். கல்லூரித் திரையில் அப்படித்தான் கிடந்தது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

அதை நான் அழிக்கவில்லை. ஹிப்பி எழுத்துக்கு மாற்றினேன். ஊதா நிறத்தில் செம்மஞ்சள் எழுத்து. அரைப்புள்ளி வயிறு மாதிரி உப்பி நின்றது.

"இது எந்த மொழி?" என்று ஆசிரியை பிரெஞ்சில் கேட்டார்.

"ஒரு மொழியும் இல்லை" என்றேன். பயிற்சிக்கு நல்ல புள்ளி போட்டார்.

போஸ்டரை வீட்டுச் சுவரில் குத்தி வைத்தேன். கல்வெட்டை என்னால் முடிக்க முடியவில்லை. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் டைப் செய்கிற ஒரு அக்காதான் அதை முடித்துத் தந்தார்.

அந்தியேட்டியன்று வீடு நிறையச் சனம். "செத்தவீட்டில டிஸ்கோ போஸ்டரோ? என்ன பிள்ளையடா நீ!" என்று அண்ணை போஸ்டரின் ஒரு ஊசியைப் பிடுங்கிவிட்டார். மூலை மடிந்து தொங்கியது.

"பொறுங்கோ அண்ணை" என்றார் அந்த அக்கா. வடைத் தட்டு இடது கையில். வலது கை விரல்கள் தட்டின் விளிம்பில் எதையோ அடித்துப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதில அம்மா எண்டெல்லோ கிடக்கு?"

"எங்க?" அண்ணை சுவருக்குக் கிட்டப் போனார். "எங்க கிடக்கு?"

அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது அ. இது ம. இந்த உப்பினதுதான் புள்ளி. அண்ணையின் விரலும் பின்னால் போனது.

"ஓமோடா?" அண்ணை என்னைத்தான் கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றார். "அம்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற யாரோ சொன்ன மாதிரி இருந்தது. கண்ணீர் வரவில்லை. அண்ணை மடிந்த மூலையை நிமிர்த்தி, ஊசியைத் திரும்பவும் அதே ஓட்டையில் குத்தினார்.