குளம்பில் இறங்கிய சர்க்கரை

குதிரைக்கு விஷம் வைத்தார் என்கிறார்களே, அவர்கள் வாயில் என்னத்தை வைப்பது? என் மாப்பிள்ளை வைத்தது சர்க்கரைக் கட்டி. அதைத் தப்பு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். விஷம் என்று சொல்கிறவர்கள் என் வீட்டுப் படி ஏற வேண்டாம்.

என் மூத்த மகளின் புருஷன் அவர். பத்தொன்பது வருஷம் ஒரு சவாரிப் பள்ளியின் லாயத்தில் குதிரை பார்த்தார். குடியிருந்ததும் அங்கேதான், தீவனக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை. அதன் ஒரே ஜன்னல் குதிரைகளைப் பார்த்தபடி இருக்கும். வெளியே போக வேண்டுமென்றால் முதலாளி வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் போகணும். என் மகள் தலைவலி என்று படுத்தால்கூட முதலாளியம்மாவுக்குத் தெரிந்துவிடும். வேறு இடம் பாருங்களேன் என்று நானும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். "வேலையும் குடுத்து ரூமும் யார் குடுப்பாங்க அத்தை?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அங்கே வயசான பெட்டைக் குதிரை ஒன்று. கிழவி என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். வெயில் காலத்தில் மற்றக் குதிரைகள் முடி உதிர்த்த பிறகும் அதற்கு மட்டும் செம்மறியாடு மாதிரி சுருள் சுருளாக முடி. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. முன்னங்காலை ஊன்ற யோசித்தது. ஒழுங்காகத் தேய்த்துவிடவில்லை என்று மாப்பிள்ளைக்குத்தான் திட்டு. மாதம் ஒரு தடவை வரும் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, மூளைக்கு அடியில் உள்ள சின்னச் சுரப்பி ஒன்று அளவில்லாமல் சுரக்கிறது, இது ஹார்மோன் கோளாறு, விட்டால் கால் போய்விடும், தினம் ஒரு மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாளே கிழவி தீவனத்தை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. மூலையில் தலையை முட்டுக்கொடுத்து நின்றது. மாத்திரைதான் பசியைக் கெடுக்கிறது, டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள் என்று மாப்பிள்ளை முதலாளியிடம் போய்க் கேட்டார்.

"நீ டாக்டரா? மாத்திரைய நிறுத்தி கால் போச்சுன்னா நீயும் போகணும்," என்றார் முதலாளி.

கொடுத்தால் குதிரை பட்டினி, கொடுக்காவிட்டால் இவர் நடுத்தெரு. கொடுத்தார். கிழவி துப்பியது. சர்க்கரைக் கட்டியைக் குடைந்து மாத்திரையை உள்ளே வைத்தார், வாங்கிக்கொண்டது. எதையும் தொடாத வாய் இதையாவது தின்கிறதே என்று ஒன்று நாலாகி, நாலு பத்தாகிவிட்டது. அந்த நோய்க்குச் சர்க்கரை ஆகாது, நேரே குளம்பில் போய் இறங்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? இரண்டு வாரத்தில் குளம்பு நெருப்பாகச் சுட்டது. கிழவி படுத்துவிட்டது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். கால் இப்படி இருக்கிறதே, மாத்திரையை இரண்டாக்கலாம் என்று எழுதப் போனார். பக்கத்திலேயே முதலாளி. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அறை தங்கும், வேலை தங்கும். குதிரைதான் தங்காது.

"கூட்டாதீங்கம்மா. நான் தினமும் சக்கரை குடுத்தேன். அது வேற எதுவும் தின்னல," என்றார்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். தின்னவில்லை என்று எனக்கு ஏன் சொல்லவில்லை என்று முதலாளியைத்தான் கேட்டார். மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, பாதியில் தொடங்கி, மெள்ள ஏற்றச் சொன்னார். சர்க்கரை வாசனையே கூடாது, காய்ந்த புல்லையும் அதில் உள்ள சர்க்கரை கரைந்துபோகத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கொடுக்கணும் என்றார்.

ஆட்கள் முன்னால் பட்ட அவமானம் முதலாளிக்கு ஆறவில்லை. டாக்டரம்மாவின் வண்டி கிளம்பியதும், "சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு," என்றார்.

"அது தின்னட்டும். போறேன்."

பத்தொன்பது வருஷத்தில் என் மாப்பிள்ளை எதிர்த்துப் பேசியது அவ்வளவுதான். வேறு யாரையும் கிழவி கிட்டே அண்டவிடாது, அதனால் முதலாளியும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மகளைப் பெட்டியோடு என்னிடம் அனுப்பிவிட்டு இவர் மட்டும் இருந்தார். ஆறாம் நாள் காலையில் கிழவி ஊறிய புல்லில் வாய் வைத்தது. பாதி தீரும்வரை நின்று பார்த்தாராம். பிறகு கை கழுவி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, துணிமூட்டையோடு கேட்டைத் தாண்டினார். இடது பக்கம் தீவனக் கடை. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம்தான் அவர் போய் வந்தது. எங்கள் வீடு வலது பக்கம். வெகு நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டு வந்தார்.