லோடு அண்ணன் மெல்லுகிறார்

வாயில் போட்ட ஒரு துண்டு முட்டையை லோடு அண்ணன் இன்னும் மென்றுகொண்டுதான் இருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் வேன் டிரைவர் தன் பங்கு முழுவதையும் முடித்து, டப்பாவைக் கழுவி, ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். முட்டை இறங்கியபாடில்லை. கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு, தாடையை இடமும் வலமுமாக ஆட்டி, எல்லாம் கூழாகிவிட்டது என்று நாக்கு சாட்சி சொன்ன பிறகே அண்ணன் விழுங்குகிறார். விழுங்கியதும் அடுத்த துண்டுக்குப் பாய்வாரா என்றால், அதுவும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்காருகிறார். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற கரண்டி அது. அவர் கையில் அதைப் பார்த்தால் பாவமாக இருக்கும், கரண்டியைச் சொல்கிறேன்.

இதே மனிதர்தான் போன வருஷம் வரை டப்பாவைத் திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்கும்படி சாப்பிட்டவர். மிச்ச நேரமெல்லாம் பேச்சுதான். மேஜையில் வேறு யாரும் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை, சாப்பிடுவதற்கும் சிரிப்பதற்கும் தவிர.

இடம் ஒரு பெரிய சலவைக்கூடம். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும், ஆஸ்பத்திரித் துணிகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். அழுக்குத் துணி ஒரு வாசல் வழியாக வரும், வெளுத்த துணி இன்னொரு வாசல் வழியாகப் போகும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே கூடாது என்பது அங்கே சட்டம், சம்பந்திச் சண்டை மாதிரி. லோடு அண்ணன் வெளுத்த பக்கத்து ஆள். இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட நழுவி வரும் விரிப்பை மூலை பிடித்து இழுத்து, ஓர் உதறு, இரண்டு மடிப்பு, அடுக்கு. அவ்வளவு பெரிய உடம்பில் அந்தக் கைகள் மட்டும் வேறு யாருடையவோ என்று தோன்றும். அவர் மடித்த அடுக்கில் ஓரம் பிசகி யாரும் பார்த்ததில்லை.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெரிய சலவை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, ஒரு லோடுக்கு எவ்வளவு எடை தாங்கும் என்று மேனேஜர் விளக்கிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் புது ஆளை மேலும் கீழும் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். யாரும் வாயைத் திறப்பதற்குள், "அப்ப என்னைத் தூக்கி உள்ள போட்டா ஒரு லோடு ஆச்சு. வேற துணியே வேணாம்" என்றார். கூடம் அதிரச் சிரித்தார்கள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான். யாரோ வைத்த பட்டப்பெயர் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். வைத்துக்கொண்டவர் அவரேதான்.

முந்திக்கொள்வது, அதுதான் அவருடைய ஒரே வித்தை. அடுத்தவன் சொல்லி வலிப்பதைவிட நாமே சொல்லிவிட்டால் பாதி வலிதானே! நாற்காலி முனகினால், "பாத்தீங்களா, நான் உக்காரலாமான்னு யோசிச்சதுக்கே அழுவுது" என்பார். இரட்டைக் கட்டில் விரிப்பு உருளையிலிருந்து வந்தால் கைக்குட்டை வந்துவிட்டது என்று வாங்கி முகத்தைத் துடைப்பதுபோல் பாவனை செய்வார். வேனில் ஏறும்போது, முன்சக்கரம் தரையில்தான் இருக்கிறதா என்று டிரைவரை இறங்கிப் பார்க்கச் சொல்வார். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தேறும். சும்மா சொல்லக் கூடாது, பாதிக்கு மேல் நல்ல நகைச்சுவைதான். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மட்டும் மனுஷன் துணி பிழிந்த மாதிரி இருப்பார். மடித்த களைப்பு என்று அவர் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம்தான் அவருடைய வித்தை பலிக்காமல் போனது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரத் தொடங்கியிருந்தது. நின்ற மூச்சு திரும்பி வருகிறதா என்று முதுகில் கையை வைத்துக்கொண்டு அவள் விழித்திருப்பாள். கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு காலையில் எழுந்து வருகிறவளிடம் என்ன தமாஷைச் சொல்லிச் சிரிக்க வைப்பது? அவள்தான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டர். ஆனால் ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஈரலில் கொழுப்பு ஏறி ஊதிப்போயிருக்கிறது, அதைத் தூக்கிப் பிடித்தால்தான் அடியில் இருக்கிற இரைப்பையைத் தொட முடியும், இப்போதைக்குத் தூக்கவே இடமில்லை என்றார். முதலில் எடையைக் குறைத்து ஈரலைச் சுருக்கிக்கொண்டு வாருங்கள், சுருங்காவிட்டால் நான் கத்தியை எடுப்பதாக இல்லை என்று கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அவள் அழுதாள். "எடையைக் குறைக்க ஆபரேஷன் கேட்டா, ஆபரேஷனுக்கு எடையைக் குறைக்கச் சொல்றாங்க" என்று அண்ணன் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண், அவருக்கு மகள் வயசிருக்கும். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். தட்டைத் தவிர எல்லாம் என்றார். மதியம்? டப்பாவின் மூடியைத் தவிர எல்லாம் என்றார். இப்படியே ஏழெட்டுக் கேள்விகள் போயின. பக்கத்திலிருந்த மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"நான் சிரிச்சுட்டா உங்க ஈரல் சுருங்கிடுமா, சார்?"

அண்ணன் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் ஒழுங்காக, உள்ளது உள்ளபடி சொன்னார். ஒளித்து வைத்துத் தின்ற பிஸ்கட் வரைக்கும் சொன்னார்.

விதிகள் ஒன்றும் பெரிய பிரம்மவித்தை இல்லை. சின்னக் கரண்டி. சின்னச் சின்ன வாய். கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. போதும் என்று வயிறு சொன்னதும் எழுந்துவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான் காலமெல்லாம் சாப்பிட்டாக வேண்டும், அதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்றாள். பசியைத்தான் பெரிய எதிரி என்று அண்ணன் நினைத்திருந்தார். பசி பாவம், இரண்டு வாரம் பாடாய்ப் படுத்திவிட்டு அடங்கிவிட்டது. மெல்லுகிற விதிதான் அவர் குடியைக் கெடுத்தது. வாய் நிறைய வேலை இருக்கும்போது எப்படிப் பேசுவது?

முதல் நாள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. வாயில் ஒரு துண்டு கோழி. சொல்ல முடியவில்லை. இதோ, இப்போது எவனாவது சொல்லப் போகிறான் என்று காதெல்லாம் சூடேற, குனிந்த தலை நிமிராமல் மென்றார். வேன் டிரைவர் தொண்டையைச் செருமினார். ஆச்சு, தொலைந்தோம் என்று நினைத்தார் அண்ணன். டிரைவர் பாய்லர்காரரைப் பார்த்து, "ஏன் காலையில நீராவி இவ்வளவு லேட்டா வந்துச்சு?" என்று கேட்டார். பாய்லர்காரர் ஏதோ வால்வைப் பற்றிச் சொன்னார். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒருவேளை முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறார்களோ என்று, துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கூடப் பார்த்தார். அங்கே அவர்கள் லீவு கிடைக்காததைப் பற்றி மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக அந்தக் கூடத்தில் அவர் உடம்பைப் பற்றித் தமாஷ் சொன்னது ஒரே ஒரு ஆள்தான் என்பது மெல்ல மெல்ல அவருக்குப் புரிந்தது. அப்பாடா என்று இருந்தது. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. ஒருத்தர்கூடவா நம்மைக் கவனிக்கவில்லை?

அவர் வாய் மூடியதும் மற்றவர்களுக்கு வாய் முளைத்தது. பாய்லர்காரரின் மகளுக்கு ஒரு காது கேட்காது என்பதும், அதனால் அவர் எப்போதும் அவளுக்கு வலப்பக்கமாகவே நடக்கிறார் என்பதும் தெரியவந்தது. வேன் டிரைவர் ஆற்றுப்பாலத்தைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும்போதெல்லாம், எங்கேயோ நிறுத்தி டீ குடிக்கிறார் என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள். பாலத்தின் மேல் போனால் தனக்குக் கை நடுங்கும் என்று அவர் ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அண்ணன் மென்றுகொண்டே கேட்டார். கேட்கக் கேட்க மெல்லுவது சுலபமாகிவிட்டது.

மேஜைக் கோடியில் தையல் அக்கா உட்காருவார். கிழிந்து வருகிற துணிகளை ஒட்டுப்போட்டுத் தைப்பது அவர் வேலை. வாயைத் திறக்காத ஆள், கொஞ்சம் தலைக்கனம் என்று அண்ணனுக்கு ஓர் எண்ணம் இருந்தது. அந்த அக்காவும் ஒருநாள் பேசினார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கதை. முதுகுப் பக்கம் திறந்து கிடக்கிற அந்த அங்கியைப் போட்டுவிட்டார்கள். அம்மா போகிற இடமெல்லாம் ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே போனார். "வலியை விட அதுதான் அம்மாவை ரொம்பக் கொன்னுச்சு" என்றார் அக்கா. அதனால்தான் தன் கைக்கு வருகிற ஒவ்வோர் அங்கியிலும், யாரும் சொல்லாமலே, கூட ஒரு நாடா வைத்துத் தைத்து அனுப்புகிறாராம். அந்த நாடாக்களை வருஷக்கணக்காக மடித்தவர் லோடு அண்ணன். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு அவருக்குக் கோழி இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்த நாளன்று அவருக்குக் கொடுத்த அங்கி முன்னாலும் பற்றவில்லை, பின்னாலும் பற்றவில்லை. இரண்டு கையாலும் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நடைபாதை முழுக்க வார்டு ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே போனார். அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஆபரேஷன் அன்று மறுபடியும் அதே அங்கி, அதே நடைபாதை என்பதுதான் கத்தியைவிட அவரைப் பயமுறுத்தியது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அதைச் சொன்னார். தமாஷ் எதுவும் சேர்க்காமல், நடந்தது நடந்தபடி. யாரும் உச்சுக்கொட்டவில்லை. தையல் அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டிலும் அவர் பேச்சுக் குறைந்துவிட, மனைவி பயந்துபோய் வேன் டிரைவருக்கு போன் செய்து வேலையிடத்தில் ஏதாவது சண்டையா என்று விசாரித்தாள். சண்டையெல்லாம் இல்லம்மா, அண்ணன் சாப்பிடுறாரு என்றாராம் அவர். அன்று மாலை அண்ணனே அவளிடம், "எனக்குப் பயமா இருக்கு. மயக்கம் தெளியாம போயிட்டா?" என்றார். "எனக்கும்தாங்க" என்றாள். பிறகு, "இப்பவாச்சும் வாயைத் திறந்து சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு, அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். சிரிக்க வைத்த காலத்தில் ஒருநாளும் அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

இன்னும் சில வாரங்கள் போன பிறகு மறுபடி ஸ்கேன். ஈரல் நன்றாகச் சுருங்கியிருக்கிறது, தாராளமாகச் செய்யலாம் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். உணவு ஆலோசகப் பெண் எழுந்து வந்து கைகொடுத்தாள். மனைவி வெளியே வந்து மறுபடியும் அழுதாள், இந்தத் தடவை வேறு அழுகை. இனி ஆபரேஷன் வரைக்கும் மெல்லுகிற வேலையும் கிடையாது, வெறும் திரவ ஆகாரம்தான். பிளாஸ்க்கோடு மேஜைக்கு வந்தார் அண்ணன். தேதியைச் சொன்னார். எல்லாருக்கும் சந்தோஷம். பாய்லர்காரர் முதுகில் தட்டினார். ஆனால் சந்தோஷத்துக்கு நடுவிலும் எல்லார் கண்ணும் அவர் வாய்மேல் இருந்தது. வாய் இப்போது காலி அல்லவா? பழைய லோடு அண்ணன் திரும்பி வந்துவிடுவாரோ என்று ஒரு சந்தேகம், கொஞ்சம் ஆசையும்தான்.

தையல் அக்கா கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவிக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றார்.

"எந்திரிங்க, தம்பி. அங்க குடுக்கிற கவுன் உங்களுக்குப் பத்தாது. நான் தெச்சுத் தர்றேன். ஆஸ்பத்திரில கேட்டாச்சு, போட்டுக்கலாம்னுட்டாங்க."

எல்லார் முன்னாலும், சாதாரணமாக, உப்பை எடுங்கள் என்பதுபோலச் சொன்னார். அண்ணன் எழுந்தார். கையைத் தூக்கினார். அக்கா டேப்பின் நுனியை இடுப்பின் ஒரு பக்கத்தில் அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தார். வயிற்றுக்கு முன்னால் வந்து டேப் தீர்ந்துவிட்டது. இத்தனை குறைத்தும் ஒரு கையகலம் பாக்கி. டிரைவரின் கரண்டி பாதியில் நின்றது. அண்ணன் நாக்கு நுனியில் ஒன்றல்ல, மூன்று தமாஷ் வந்து நின்றன. மூன்றும் முதல் தரம்.

அக்கா டேப்பை எடுத்து மறுபடி எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்து நின்றார். லோடு அண்ணன் குனிந்து, டேப் தீர்ந்த அந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து, அக்கா மிச்சத்தை அளந்து முடிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.