தேவராஜ் அண்ணன் குடித்த தண்ணீர்

சுங்குவார்சத்திரத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது: தேவராஜ் அண்ணன் போய்விட்டார். டீக்கடையில் வாங்கிய தண்ணீரை வழக்கம்போல முகர்ந்துகொண்டிருந்தேன். குடிக்காமல் வைத்துவிட்டேன்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவருடன் வேலை பார்த்த நண்பர்களே, உங்களுக்குத் தெரியும். ஓரகடம் வட்டாரத்து ஆலைக் கழிவுநீரைச் சோதனைக்குப் பாட்டிலில் பிடித்து வந்தவர் அவர். வீட்டுச் சொம்புத் தண்ணீரைக்கூட மோந்து பார்க்காமல் குடிக்க மாட்டார். "மூக்குதான் மேடம் மொதல் லேப்" என்பார். கேலி செய்த எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது.

நான் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், ஒரு மழை நாள். ஓர் ஆலையின் பின்சுவர் வழியே கழிவுநீர் வயல்வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி முதலில் ஆலைக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர்கள் ஆள் முன்னிலையில் தண்ணீரை இரண்டாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். அண்ணன் பாட்டிலைத் திறக்காமல் நின்றார்.

"நோட்டீஸ் குடுத்துட்டு எடுத்துக்கலாம் மேடம்."

"அதுக்குள்ள வால்வை மூடிடுவாங்கண்ணே. எடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவசரத்துக்குப் பாவமில்லை என்று நினைத்தேன். என்ன திமிர் எனக்கு! வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தண்ணீர் கெட்டதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நோட்டீஸ் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கழிவுநீரால் கிணறு பாழாகிப்போன கன்னியம்மாளிடம் இதைச் சொல்லப் போனோம். அவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ஒரு சொம்பில் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"கேஸ் தள்ளுபடின்னா தண்ணி நல்லா கீதுன்னுதானே அர்த்தம்? குடிம்மா."

என் கை எழவில்லை. அண்ணன் குறுக்கே வந்து சொம்பை வாங்கினார். முகர்ந்து பார்க்கவில்லை. முழுவதும் குடித்துவிட்டு, "தப்பு எங்க மேலதாம்மா" என்றார். திரும்பும்போது ஜீப்பில் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது கழிவுக் குழாயிலேயே கருவி வைக்கிறார்கள். அளவுகள் நேராக அலுவலகத் திரைக்கு வருகின்றன. அவர் ஓய்வு பெற்ற பிறகு பார்க்கப் போனபோது இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"மிஷின் பொய் சொல்லாது மேடம். ஆனா அத்த பின்சுவத்துல வெச்சாங்களா?" என்றார்.

துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். என்ன நோய் என்று கேட்க வாய் வரவில்லை. அந்த ஒரு சொம்புக்கும் அவர் சாவுக்கும் தொடர்பில்லை என்று அறிவு சொல்கிறது; மனம் கேட்கவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். கை தானாக அதை மூக்கருகே கொண்டுபோயிற்று.

"அவரும் இப்டித்தாம்மா. கடசி நாள்லகூட மோந்துட்டுதான் குடிச்சாரு."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் எந்தத் தம்ளரை எடுத்தாலும் கன்னியம்மாள் கிணற்றின் வாடை அடிக்கிறது. அன்று அந்தச் சொம்பை நீட்டியது என்னிடம்.