கார்டுக்குள் மாட்டிக்கொண்ட தாலி

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் காலை பத்தரைக்கு முகூர்த்தம். மாலை நாலரைக்குச் சிரம்பான் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

வார நாள்களில் நான் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மின்பலகைகளில் பதித்த சின்னஞ்சிறு பாகங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்கும் பிரிவு. சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுப்பேன். நாற்பது வயதுக்கு மேல் நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வேலை. ஹோமப் புகை எந்தப் பக்கம் திரும்பும், ஜன்னல் வெளிச்சம் எந்த நொடியில் மணப்பெண்ணின் கன்னத்தில் ஏறும் என்பதெல்லாம் இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியும் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு.

அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் அம்மா இல்லை. கணவர் போன பிறகு, செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிப் பொறுக்கியே மகளை ஆசிரியையாக்கியவர். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பந்தலுக்குத் தண்ணீர் தெளித்த இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அறுவைச் சிகிச்சை. முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கலாமா என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, கட்டிலில் படுத்தபடியே அந்த அம்மாதான் கூடாது என்று சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. திங்கட்கிழமை அறுவைக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால், மகளுக்குத் தாலி கட்டுவதை அவர் பார்த்துவிட வேண்டும்.

“கட்டியாச்சின்னு வந்து சொன்னா போதாதும்மா. கட்டறத நான் பார்க்கணும்” என்று, மருத்துவமனைக்குப் பார்க்கப் போயிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வாக்குக் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை, அலங்காரமாகக் கொடுத்தேன். நாலரைக்கெல்லாம் பாட்டுப் போட்டு, தாலி முடிச்சை மெதுவாக ஓடவிட்டு, சினிமா மாதிரி கொண்டு வருகிறேன் என்றேன்.

கோயிலில் கைப்பேசி வழியே நேரடியாகக் காட்டவும் முயன்றார்கள். அந்தத் தோட்டத்தில் லைன் கிடைப்பது மழை மாதிரி, அது நினைத்தால்தான் வரும். கெட்டிமேளம் கொட்டும்போது அங்கே அம்மாவின் திரையில் ஐயர் கையைத் தூக்கியபடி சிலையாக நின்றுவிட்டாராம். பரவாயில்லை, கேமரா இருக்கிறதே என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். தாலி கட்டும் நேரத்தில் படத்துக்குள் கைப்பேசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் எனக்குப் பிடிக்காது. ஆகவே அதற்குச் சற்று முன்புதான் மணவறையைச் சுற்றி நின்றவர்களை ஒரு அதட்டு அதட்டி, அம்மாவுக்கு நேரடியாகக் காட்டிய ஒன்றைத் தவிர எல்லாக் கைப்பேசிகளையும் பைக்குள் போட வைத்திருந்தேன். அந்த முடிச்சு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் பதிவானது. என் மெமரி கார்டில். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய கறுப்புச் சில்லு.

கேமராவின் குட்டித் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் விரல்கள் நடுங்குவதுகூட அவ்வளவு துல்லியம். கார்டைக் கழற்றி ரீடரில் செருகி, ரீடரை லேப்டாப்பில் செருகினேன். பந்தி நடந்துகொண்டிருந்த கொட்டகையில், மூலை மேசையில் வாழை இலையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். எடிட்டிங் மென்பொருளில் எல்லாக் காட்சிகளும் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே இழுத்தேன். பச்சைக் கோடு கொஞ்சதூரம் ஓடியது. அப்புறம் மென்பொருள் பட்டென்று மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மூடிக்கொண்டது. ஒவ்வொரு காட்சியாக இழுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தடவை மூடிக்கொண்டது. ரசம் பரிமாறப் போன மணப்பெண்ணின் தாய்மாமன் வாளியோடு என் பின்னால் நின்றுவிட்டார்.

“என்னம்மா, கேமரா ரோசாக்கா?”

“கேமரா கெடலண்ணே. இந்த சாஃப்ட்வேர்தான்.”

“காலையில எல்லார் போனையும் பையில போட வெச்ச. இப்ப நான் யார் பையில போய்த் தேடறது, சொல்லு.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது.

மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் சரியாகும் என்று தோன்றியது. அதற்கு லைன் வேண்டும். காரை எடுத்துக்கொண்டு லாபு கடைத்தெருவுக்குப் போய், ஒரு மரத்தடியில் நிறுத்தி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இறக்கினேன். ஒன்றரை மணி நேரம் போனது. வியர்வை புருவத்திலிருந்து விசைப்பலகையில் சொட்டியது. புது மென்பொருள் அழகாகத் திறந்தது. காட்சியை இழுத்தேன். பழையது விழுந்த அதே இடத்தில் விழுந்தது.

படம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவாவது வேண்டுமே என்று கார்டை மீண்டும் கேமராவில் போட்டேன். காலையில் எனக்கு அந்த முடிச்சைக் காட்டிய அதே கேமரா, கார்டைப் படிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது. ‘ஆம்’ என்ற சொல் ஏற்கெனவே நீல நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. என் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேதான் இருந்தது. விரலை எடுத்து, கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றினேன்.

கோயிலுக்குத் திரும்பியபோது மணப்பெண் கூறைச் சேலையோடு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தில் கொஞ்சம் அட்சதை, பூ, இரண்டு லட்டு, எல்லாம் அம்மாவுக்கு. என் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள்.

“அக்கா, அம்மாகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது. படம் இருக்குதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“தெரியலம்மா” என்றேன்.

என் தொழிலில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. சொன்னபோது நாக்கில் மண் மாதிரி இருந்தது. அவள் அழவில்லை. ஆசிரியை அல்லவா, பதில் தெரியாத மாணவியைப் பார்ப்பது போல ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, “சரி, நீங்களும் வாங்க. அங்கேயே உக்காந்து பாருங்க” என்றாள்.

மருத்துவமனையில் அவர்கள் வார்டுக்குள் போனார்கள். நான் போகவில்லை. கதவு வழியே பார்த்தேன். அம்மா கட்டிலைச் சற்று உயர்த்தச் சொல்லிச் சாய்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போர்வை முனையில் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். படம் பார்ப்பதற்குத் தயாராகிறார் என்று புரிந்தது. நான் வெளி நடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும்தான் எனக்கு என் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பலகை வேலை செய்யவில்லை என்றால் நாங்கள் பதற மாட்டோம். எது கெட்டது என்றுகூட முதலில் கேட்க மாட்டோம். கடைசியாக எது மாறியது என்றுதான் கேட்போம். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். வாரத்தில் ஐந்து நாள் இதைச் செய்கிற நான், இன்று காலையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கதவு கதவாக உதைத்திருக்கிறேன்.

முதலில், என் கைப்பேசியில் எடுத்த ஒரு துண்டை மென்பொருளில் இழுத்தேன். திறந்தது. அடுத்து, ஆவணியில் இதே கேமராவில் எடுத்து லேப்டாப்பில் சேமித்து வைத்திருந்த வேறொரு கல்யாணத்தை இழுத்தேன். அதுவும் திறந்தது. அப்படியானால் மென்பொருள் மேல் குற்றமில்லை. கேமரா படம் பிடிக்கும் முறையிலும் குற்றமில்லை. பாவம், ஒன்றரை மணி நேரம் அந்த மென்பொருளை அழித்துத் திட்டியிருக்கிறேன். அப்புறம் கார்டு. காலையில் கேமராவுக்கு அதைத் தெரிந்திருந்தது. மதியம் தெரியவில்லை. நடுவில் அது போய்வந்த ஒரே இடம் ரீடர்.

ரீடரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அதன் வாய்க்குள் மஞ்சளாக ஏதோ இருந்தது. ஓரத்தில் ஒரு துளி சிவப்பு.

ஆயுத பூஜை. புரட்டாசிக் கடைசியில் வீட்டில் பலகை போட்டு, லேப்டாப், கேமரா, லென்ஸ், விளக்கு என்று வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்த ரீடருக்குப் பொட்டு வைக்க இடமில்லை. அதற்கு மட்டும் வைக்காமல் விட மனம் வரவில்லை. அள்ளிய சந்தனத்தை அதன் வாயிலேயே அப்பியிருக்கிறேன். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, அப்புறம் இன்றைக்குத்தான் அதை எடுத்தேன். காய்ந்த சந்தனம் என் வியர்வைக் கையில் இளகி, கார்டின் தங்க நிறப் பற்களின் மேல் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. கொஞ்சம் படிக்கும், அப்புறம் தடுமாறும், மென்பொருள் விழும்.

சிரிப்பதா, என்னையே அறைந்துகொள்வதா என்று தெரியவில்லை. மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த இளம் தாதியை மறித்து, ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு நாலு வேண்டும் என்றேன்.

“எதுக்கு ஆண்ட்டி, யாருக்கு ஊசி?”

“இதுக்கு மிசி” என்று அந்தத் தாதியிடம் கார்டைக் காட்டினேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். கொடுத்தவள் போகவும் இல்லை. முதல் பஞ்சு மஞ்சளாக வந்தது. இரண்டாவது இளமஞ்சள். மூன்றாவதில் ஒரு கோடு. நாலாவது வெள்ளையாகவே வந்தது. ஈரம் காய்வதற்காக நூறு எண்ணினேன். எனக்கு எழுபதிலேயே எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது. நூறுவரை எண்ணிவிட்டுத்தான் கார்டைக் கேமராவில் போட்டேன்.

கேமரா எதுவும் கேட்கவில்லை. நடுங்கும் அந்த விரல்களைக் காட்டியது.

இந்த முறை ரீடர் பக்கமே போகவில்லை. கைப்பேசி சார்ஜ் செய்யும் கம்பியால் கேமராவை நேராக லேப்டாப்பில் இணைத்து, முதலில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன். பிறகு மென்பொருளைத் திறந்து இழுத்தேன். பச்சைக் கோடு வழக்கமாக விழும் இடத்துக்கு வந்தது. தாதி என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். கோடு அந்த இடத்தைத் தாண்டி, யாரையும் சட்டை செய்யாமல், கடைசிவரை போய் நின்றது.

ஆறே முக்கால். பார்வை நேரம் முடிய முக்கால் மணி நேரம்கூட இல்லை. பாட்டு இல்லை, வெட்டு இல்லை, மெதுவாக ஓடும் முடிச்சும் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, தாதியும் பின்னால் வர, உள்ளே போய், அம்மாவிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். என் கையால் வைத்த சந்தனம்தான் இத்தனைக்கும் காரணம் என்றேன். மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா யோசித்தார்.

“மெஷினுக்கு வெச்ச சந்தனந்தானே. அதுக்குப் புடிச்சிப் போயிருக்கும், முழுங்கிட்டுது. நீ போடும்மா.”

முழுதாக ஓடவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அம்மா மகளின் தாம்பாளத்திலிருந்து ஒரு பிடி அட்சதையை அள்ளி, ஊசி ஏற்றியிருந்த கையாலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். திரையில் கெட்டிமேளம் கொட்டியது. முடிச்சு விழுந்தது. அம்மா அட்சதையைத் திரையின் மேல் வீசினார்.

மஞ்சள் அரிசி விசைப்பலகை இடுக்குகளுக்குள் சிதறி ஓடியது. சோதனைப் பிரிவில் வேலை செய்யும் யாரும் பதறியிருக்க வேண்டிய காட்சி. நான் அசையவில்லை. “பார்த்தியா மிசி, எம் பொண்ண” என்று அம்மா தாதியிடம் சொன்னதையும், மகளின் தலையில் இன்னொரு பிடியை உதிர்த்ததையும், என் தலையிலும் நாலைந்து மணிகள் விழுந்ததையும் கேமரா இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அறுவை நல்லபடி முடிந்தது. இப்போது அவர் கம்பு ஊன்றி நடக்கிறார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்கள், எத்தனையோ அழகான படங்கள். ஆனாலும் என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், எங்கோ தவறு என்று ஊரையெல்லாம் சந்தேகித்துவிட்டு அது என் கையில்தான் என்று நானே கண்டுபிடித்து, நானே திருத்தி, நானே போய்ச் சொன்ன அந்த மாலையைத்தான் தலையை உயர்த்திக்கொண்டு சொல்கிறேன்.